ரயிசா தேடிய இரண்டாவது இழை

ரயிசா இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறி இணையக் கம்பி இழுத்தவள். ஒஸ்கில் ஆற்றங்கரை ஊர்களில் அவள் கைபடாத வீடு கிடையாது. இணையம் ஓடும் கண்ணாடி இழையைப் பார்த்தே வயசு சொல்லுவாள். புதுசு சுத்தமாக மின்னும். பழசில் தூசியும் சிலந்தி வலையும் ஏறியிருக்கும்.

அந்த இழையை வாலாக இழுத்துக்கொண்டுதான் இப்போது எதிரியின் ட்ரோன்கள் வந்தன. ரேடியோ இல்லாமல் இழை வழியாகவே ஓட்டுவதால் ராணுவத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தவே கத்தாது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்தப் பாழாய்ப்போன யானைக்கு மணியே கிடையாது. நேற்று இரண்டு வந்து, பாலத்துச் சாலையில் பால் வண்டியை எரித்துப் போட்டன. இன்று பத்து மணிக்கு அதே சாலையில் அவள் கணவன் ஒமெல்யான் வேன் எடுக்க வேண்டும். அக்கரையில் பதினோரு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இழை வந்த திசையிலதான் ஓட்டுறவன் இருப்பான். ரெண்டு இழை கிடைச்சா வரைபடத்துல ரெண்டு கோடு போடலாம். வெட்டுற இடத்துல அவன் உட்கார்ந்திருப்பான்," என்று சிப்பாய் ஓரெஸ்திடம் சொல்லியிருந்தாள்.

விடிந்ததும், தாழ்ந்த வெயிலில், கல்லறைத் தோட்டத்தருகே முதல் இழையைப் பிடித்துவிட்டாள். இரண்டாவது இழை, பக்கத்து வீட்டுத் தீஹோனின் தோட்டத்தில் விழுந்திருந்தது.

போய்ப் பார்த்தால், தக்காளிச் செடிகளுக்கு நடுவே தீஹோன் கையில் பளபளவென்று ஓர் இழைப் பந்து! கோழிக் காலில் சுற்றிக்கொள்கிறதென்று காலையில் சுருட்டி வைப்பது அந்தத் தெருவின் வழக்கம்.

"அட கட்டையில போறவனே! உன் கோழி பெருசா, என் புருஷன் உசுரு பெருசா?" சுருட்டிவிட்டால் வந்த திசை போச்சே என்று ரயிசா கத்தினாள்.

"அக்கா, நான் சொல்றதை..."

"நீ ஒண்ணும் சொல்லிக் கிழிக்க வேணாம்!"

"பேச விட்டாத்தானே! வேலி வரைக்கும்தான் சுருட்டினேன். அந்தப் பக்கம் பூரா கண்ணிவெடி. அங்க போக எனக்கென்ன பைத்தியமா?"

ரயிசா வேலியோரம் மண்டியிட்டாள். அறுக்காமல் விட்ட கோதுமையின் மேல், தலைமுடி மாதிரி ஒரு கோடு மின்னிக்கொண்டு நேராகக் கிழக்கே ஓடியது. அப்பாடா!

வரைபடத்தில் இரண்டு கோடுகளும் எதிரிப் பக்கத்தில், பாழடைந்த பம்ப் அறையில் வெட்டின. ஓரெஸ்த் குறித்துக்கொண்டு ஓடினான். ஒன்பதரைக்கு நம் பீரங்கி நாலு முறை முழங்கியது.

பத்துக்கு ஒமெல்யான் வேனில் ஏறினான். "போர்ஷ் சூப் நிறைய வை. பசியோட வருவாங்க."

ரயிசா பீட்ரூட் நறுக்கினாள். காது மட்டும் சாலையில் இருந்தது. மதியம் ஹாரன் கேட்டது. பதினோரு பேரும் ஓர் ஆடும் இறங்கினார்கள். கடைசியாக ஒமெல்யான்.

அவள் முதல் கிண்ணத்தை வேலிக்கு மேலாகத் தீஹோனிடம் நீட்டினாள்.

"இந்தா, குடி. பயந்தாங்கொள்ளியா இருந்தியே, நீ நல்லா இருக்கணும்டா!"