கிழக்குத் தெருக் குழாயைப் பற்றி நான் எழுதியது

எழுபதுகளின் முற்பாதி. மதுரையிலிருந்து அலங்காநல்லூர் போகும் பக்கத்தில், நகரம் முடிந்தும் முடியாமலும் கிடந்த ஒரு டவுன் பஞ்சாயத்தில் நான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். ஒரே அறையில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நானே டீச்சர். கணவருக்குத் திருச்சியில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் போனபின் நாற்காலியில் கால் நீட்டி உட்கார ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும் என்று ஏங்கிய வருடங்கள்.

அந்த ஐந்து நிமிடத்தையும் மாதக் கடைசி வாரத்தில் பஞ்சாயத்துத் தலைவர் எடுத்துக்கொள்வார்.

தலைவர் கரும்பு போடுகிற சம்சாரி. ஐம்பது வயதிருக்கும். ஆள் கனத்த உடம்பு, படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பதவிக்கு வந்ததும் ஒரு பழக்கத்தை அவராகவே ஏற்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ வைத்திருந்த பூங்காவில் மைக் போட்டு, போன மாதம் பஞ்சாயத்தில் என்னென்ன நடந்தது என்று ஊருக்கு வாசிப்பார். அப்படி வாசிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஓட்டுப் போட்டவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா என்பார், அவ்வளவுதான்.

முதலில் ஆபீஸ் கிளார்க் எழுதிக் கொடுத்தார். மேற்படி தெருவில் மேற்படி பணி உரிய பரிசீலனைக்குப் பின் மேற்கொள்ளப்படும் என்ற ரகம். ஜனங்கள் சினிமாப் பாட்டு எப்போது திரும்ப வரும் என்று கூம்பு ஒலிபெருக்கியைப் பார்த்துக் காத்திருப்பார்கள். ஒருநாள் தலைவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டார்.

"டீச்சர், நம்ம ஆளுகளுக்குப் புரியுற மாதிரி எழுதித் தருவீகளா? இப்ப வாசிக்கிறது எனக்கே புரிய மாட்டேங்குது."

மறுத்துப் பேசுவதை விட எழுதிக் கொடுப்பது சுலபமாகப் பட்டது. அது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் பொய். என் வாக்கியத்தை ஊர் முழுக்கக் கேட்கும் என்ற ஆசையும் இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கி விஷயங்களைச் சொல்வார். தண்ணீர்த் தொட்டி கழுவியது, சந்தைப்பேட்டைக் கூரை, தெருவிளக்கு, பன்றித் தொல்லை. நான் கோடு போடாத நீளத் தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவேன். பிறகு அவர் இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பார். தடுமாறுகிற சொல்லை நான் மாற்றிக் கொடுப்பேன். ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பூங்காவில் பெண்கள்கூட வந்து நின்றார்கள்.

இரண்டாம் வருடம் எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. விளக்கு எரியாத அதே கம்பம், தூர் வாராத அதே ஓடை. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாத மாதங்களில் 'விரைவில்' என்று எழுதினேன். 'ஏற்பாடு நடந்து வருகிறது' என்று எழுதினேன். அவரும் அதைத் தடுமாறாமல் வாசிக்கப் பழகிவிட்டார். கைக்கு வாக்கியம் பழகிவிட்டால் மனசு அங்கே இருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டே அறிக்கையும் எழுதியிருக்கிறேன்.

அந்தக் கோடையில் கிழக்குத் தெருக் குழாயில் தண்ணீர் நாறியது.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாவுக்குக் கிழக்குத் தெருவில்தான் வீடு. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கூட்டிப் பெருக்கி, மணியடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிறவள். புருஷன் மாட்டுவண்டி ஓட்டினார். மணல், செங்கல், பருவம் வந்தால் கரும்பு. குழாய்த் தண்ணீர் பழுப்பாக வருகிறது, குடத்தைத் திறந்தால் குடலைப் பிரட்டுகிறது என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். தலைவருக்கு எழுதிக் கொடுக்கிற டீச்சரிடம் சொன்னால் தலைவரிடம் சொன்ன மாதிரி என்று அந்தத் தெருவில் நினைத்தார்கள். நானும் சொன்னேன். தலைவர் நிர்வாக அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி குழாய் பிட்டரை அனுப்பினார்.

அந்த வேலை முடியும்வரை கிழக்குத் தெருக்காரர்கள் ஊருக்கு வெளியே வயலில் இருந்த பம்புசெட்டுக்கு நடந்தார்கள். போக ஒரு மைல், வர ஒரு மைல். ஆயா விடிவதற்கு முன்னால் இரண்டு நடை நடந்துவிட்டு வருவாள். மணியடித்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வாரம் அப்படி ஓடியது.

மாதக் கடைசியில் தலைவர் வந்தார். அன்றைக்கு என் மேஜையில் எண்பது நோட்டு இருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடக்கினார். மூன்றாவது விரலில் கிழக்குத் தெருக் குழாய் சரிபண்ணியாயிற்று, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். யார் சொன்னது, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கிழக்குத் தெரு ஆறு நிமிட நடை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

எழுதினேன். 'கிழக்குத் தெருக் குழாய் பழுது நீக்கப்பட்டது' என்று எழுதியதும் வாக்கியம் மொட்டையாக நிற்கிற மாதிரி தோன்றியது. ஒன்றைச் சேர்த்தேன். 'இனி அத்தெரு மக்கள் அச்சமின்றித் தண்ணீர் குடிக்கலாம்.'

அதை அவர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. காதுக்கு நன்றாக இருந்தது, அதற்காகச் சேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்தார். அச்சமின்றி என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு நிறுத்தமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கிழக்குத் தெருவில் வாந்திபேதி. ஆறேழு வீட்டில் படுத்துவிட்டார்கள். ஆயாவின் புருஷனுக்குக் காலையில் ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் ஓட்டிய வண்டியிலேயே மாட்டைப் பூட்டி மெயின் ரோடு வரை கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்துபோனார். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

சுகாதாரத் துறை ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள். அன்றைக்குத்தான் நான் போய்ப் பார்த்தேன். சாக்கடைக்கு அடியில் போன இரும்புக் குழாயில் துரு தின்ற ஓட்டை. அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிச் சணல் கயிறு கட்டியிருந்தது. அதுதான் பழுது நீக்கியது. பிட்டர் கிளார்க்கிடம் முடிந்தது என்றிருக்கிறார். கிளார்க் அதிகாரியிடம், அதிகாரி தலைவரிடம், தலைவர் என்னிடம், நான் ஊரிடம். யாரும் பொய் சொன்னதாக நினைத்துக்கொள்ளவில்லை. குழியின் ஓரத்தில் நின்றபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. உட்கார இடம் கிடைத்தால் தேவலை என்றுதான் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் தலைவர் வந்தார். முகம் சவரம் செய்யாமல் நரைத்துக் கிடந்தது. பையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சில வீடுகளில் உடல்நலக் குறைவு ஏற்பட்டது குறித்துத் தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்றிருந்தது. இதை வாசித்தால் போதும், போன மாத அறிக்கையைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று உறுப்பினர்கள் அத்தனை பேரும் சொல்லிவிட்டார்களாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அச்சமின்றிக் குடிக்கலாம் என்ற வாக்கியம் நான் சேர்த்தது, நீங்கள் சொல்லவே இல்லை என்றேன். அதை ஊரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் அந்த டைப் அடித்த தாளை மடித்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க எழுதுனீக. வாசிச்சது என் வாயில்லையா," என்றார். "வேற எழுதிக் குடுங்க."

நான்கு வரி எழுதினேன். போன மாதம் கிழக்குத் தெருக் குழாயைப் பற்றி நான் சொன்னது தவறு. நான் போய்ப் பார்க்காமல் சொன்னேன். அதை நம்பிக் குடித்ததில் ஒரு உயிர் போயிற்று. குழாய் மாற்றி முடியும்வரை அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று தடவை வாசித்துப் பார்த்தார். எந்தச் சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. டீச்சர் எழுதியது என்பதை மட்டும் எந்த இடத்திலும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் வழக்கத்தை விடக் கூட்டம். இரண்டாவது வரி முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். மூன்றாவது வரியில் யாரோ மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். உறுப்பினர் ஒருவரின் ஆள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். தலைவர் மைக்கை விட்டுத் தள்ளி வந்து, வெறும் குரலில் முழுக்க வாசித்தார். கிழக்குத் தெருக்காரர்கள் முன்னால் நின்றிருந்தார்கள். ஒருவரும் சமாதானமாகவில்லை. எவரும் அவரை அடிக்கவும் இல்லை. வாசித்து முடித்ததும் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து ஆயா வேலைக்கு வந்தாள். சாயங்காலம் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவளிடம், என் நாற்காலியிலிருந்தபடியே, அச்சமின்றிக் குடிக்கலாம் என்று எழுதியது நான்தான் என்றேன். எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த பேச்சு, அவ்வளவு சின்னதாக முடிந்துவிட்டது.

அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர். தலைவருக்கு அந்த வார்த்தையெல்லாம் வராது."

கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னாள். "நான் அன்னைக்கும் பம்புசெட்டுக்குக் கெளம்பிட்டேன். அவருதான், எதுக்கு அம்புட்டுத் தூரம் நடக்குற, ரேடியோலதான் சொல்லிட்டாகளேன்னாரு. எனக்கும் காலு வலி. உக்காந்துட்டேன்."

பிறகு நாற்காலிக்கு அடியில் பெருக்க வேண்டும் என்று காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னாள். தூக்கிக்கொண்டேன். அதற்கப்புறம் நான்கு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். இதைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. முன்னைப் போல வீட்டு விஷயம் எதையும் என்னிடம் கொண்டு வரவும் இல்லை.

தலைவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் பேச்சு நடந்தது. அது வருவதற்கு முன்பே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டார். கிழக்குத் தெருவுக்குப் புதுக் குழாய் வந்தது, சாக்கடைக்கு எட்டடி தள்ளி. அதற்கு ஒரு சாவு விழ வேண்டியிருந்தது. அடுத்து வந்தவர் எதையும் வாசிக்கவில்லை. சாயங்காலம் முழுக்கப் பாட்டு ஓடியது. பிறகு தேர்தலே இல்லாமல் தனி அலுவலர் வந்தார். ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பழைய தலைவரை ஒரே ஒரு முறை சிம்மக்கல்லில் பார்த்தேன். டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், உடம்பு பாதியாகியிருந்தது. கரும்பைப் பற்றிப் பேசினார், என் மாற்றல் என்னாயிற்று என்று விசாரித்தார். பஸ் வந்ததும், "வாரேன் டீச்சர்," என்று ஏறிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு வண்டியூர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. அங்கே நாங்கள் இருந்த தெருக்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. டீச்சர் என்று தெரிந்ததும் செயலாளர் வந்துவிட்டார், மாதாமாதம் ஒரு பக்கச் செய்தித்தாள் எழுதித் தர வேண்டுமாம். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வந்தபோது, நான் போய்ப் பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, கால் கழுவாமல் மறுபடி கிளம்புவேன். விளக்குப் போட்டதாகச் சொன்ன கம்பத்தடியில் இருட்டும்வரை நிற்பேன். சாக்கடை வாரியதாகச் சொன்ன சந்தில் புடவையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். முழங்கால் அப்போதே தொந்தரவு கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பாதிக்கு மேல் இடங்களில் சொன்னது நடந்திருக்காது. மாதம் முழுக்க நடந்தால் ஐந்தாறு வரி தேறும்.

செயலாளருக்கு அது போதவில்லை. தாள் காலியாகத் தெரிகிறது என்பார். அச்சுக்குப் போவதற்கு முன் மிச்ச இடத்தில் அவரே விரைவில், விரைவில் என்று நிரப்பிக்கொள்வார். முதலில் சண்டை போட்டேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஐந்தாறு வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கோட்டுக்குக் கீழே என்ன வந்தது என்று நான் பார்ப்பதில்லை.