நாலாவது கப்பில் இருந்த கிரீஸ்

செல்லையா மேஸ்திரி செத்துப்போனார் என்று ஒரத்தநாடு கார் ஸ்டாண்டில் யாரோ சொன்னபோது நான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. அடித்து முடித்துவிட்டுத்தான் "எப்ப?" என்று கேட்டேன். சங்கச் செயலாளர் துரைராஜ் அண்ணன் பக்கத்தில் வந்தார். "ஸ்டாண்டுலயே காலேஜ் வாசல மிதிச்சவன் நீதான் தம்பி. இரங்கல் நோட்டீஸுக்கு நல்லதா நாலு வரி எழுதிக் குடு" என்றார். நல்லதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். அவரிடம் வண்டி விட்டவர்களான உங்களுக்கு இதில் பாதிதான் தெரியும்.

அவர் வாய் மோசமான வாய். படிப்பை விட்டுவிட்டு மிராசுதார் வீட்டு டிரைவராக முதன்முதலில் அவர் பட்டறைக்குப் போனபோது, "பிளக்குல கோளாறுன்னு நெனைக்கிறேன் மேஸ்திரி" என்றேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "பாதிப் படிப்புலயே கோளாறையும் கண்டுபுடிச்சுட்ட. அப்ப எனக்கு இங்க என்னடா வேலை, ஒனக்கு டீ வாங்கியாரவா?" பட்டறையே சிரித்தது. அதிலிருந்து எனக்குப் பெயர் 'பாதி'. உங்களில் சில பேர் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

அந்த அறுவடை உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்சிதான் மாறிவிட்டதே என்று நம்பி, அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டு எங்கள் தெருக்காரர்கள் களத்தில் கொடி நட்டார்கள். நட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அந்த வாரம்தான் மிராசுதாரின் கருப்பு கார் உதற ஆரம்பித்தது. நின்ற இடத்தில் ஒழுங்காக இருக்கும். ஓடும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். அவர் பண்ணைக் காரியஸ்தர் உடனே கண்டுபிடித்துவிட்டார்: கொடி நட்டவன் மகன் பெட்ரோல் டாங்கியில் சர்க்கரை போட்டுவிட்டான்! காரையும் என்னையும் ஒரு போலீஸ்காரரையும் சேர்த்தே பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மிராசுதாரும் வந்தார். மேஸ்திரி "ஆமாம்" என்றால் நான் ஜெயிலுக்கு. அதையே சாக்காக வைத்து அப்பாவையும் தூக்கிவிடுவார்கள்.

மேஸ்திரி அவசரப்படவில்லை. டாங்கிப் பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒன்றும் தங்கவில்லை. "சர்க்கரை இல்லீங்கய்யா" என்றார். வண்டியை நிற்கவைத்தே ஆக்சிலேட்டரை மிதித்தார். இஞ்சினில் ஒரு பிசிறும் இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, புது ஆத்துப் பாலத்து மேட்டில் அவரே ஏற்றினார். கார் உதறியது. காலை எடுத்தார், உதறல் நின்றது. மிதித்தார், உதறியது. "இழுக்கும்போதுதான் ஆடுற. அப்ப இஞ்சின் இல்ல. பின்னால எங்கயோ வச்சிருக்க" என்று காரிடம் சொன்னார்.

திரும்பி வந்து அடியில் படுத்தார். இஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டைப் பிடித்துக் குலுக்கினார். மூட்டில் டக் டக் என்றது. கழற்றி, உள்ளே இருந்த சிலுவை மாதிரியான இரும்பை எடுத்தார். கிராஸ் என்கிறோமே, அதுதான். நாலு முனை, முனைக்கு ஒரு மூடியாக நாலு கப்பு. நானும் குனிந்து பார்த்தேன். நாலிலும் கிரீஸ் இருந்தது. நான் அடித்த கிரீஸ். அப்படியிருந்தும் இரும்பில் பள்ளம் விழுந்திருந்தது. தாங்காத சுமையில்தான் அப்படி விழும். பின் ஸ்பிரிங் பட்டைகளும் வளைவு போய்த் தட்டையாகப் படுத்துக் கிடந்தன. டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினார். அடியில் நெல் சிதறிக் கிடந்தது.

சர்க்காருக்குக் கட்டாய லெவியாக அளக்க வேண்டிய நெல்லை மூட்டை மூட்டையாகக் காரில் அடைத்து மாவட்ட எல்லையைத் தாண்டி விற்றுவிடுவார் மிராசுதார். அவர் காரைச் செக்போஸ்டில் யாரும் மறிப்பதில்லை. ஓட்டியவன் நான். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போலீஸ்காரர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா கோளாறு?" என்றார் மிராசுதார்.

மேஸ்திரி டிக்கியைச் சாத்தினார். வேஸ்ட் துணியை எடுத்துக் கிராஸையும் கப்புகளையும் துடைத்துக்கொண்டே போய் நீட்டினார். "கிராஸ் போயிட்டுங்கய்யா. பாருங்க, காஞ்சு கெடக்கு. டிரைவர் கிரீஸே அடிக்கல."

அன்றைக்கே என் வேலை போனது. அவர் புதுக் கிராஸ் மாட்டினார், உதறல் நின்றது. ஸ்பிரிங்கை அவர் தொடவில்லை.

மறுநாள் பட்டறை வாசலில் நின்று கத்தினேன். "நெல்லப் பாத்தீங்கல்ல? ஏன் சொல்லல?"

"நீ ஏன்டா சொல்லல? ஒன் வாய்ல என்ன, அவலா?"

"நான் சொன்னா யார் நம்புவா?"

"நான் சொன்னா நம்புவாங்க. இந்தப் பட்டறை நிக்கிற மனை யாருது தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள கூரையப் பிரிச்சிருப்பாங்க."

"அதுக்கு என் தலைல போடுவீங்களா?"

"ஜெயிலுக்குப் போகலல்ல? போ." பழைய கிராஸைக் கப்புகளோடு ஒரு துணியில் முடிந்து என் மேல் எறிந்தார். "இதையும் எடுத்துட்டுப் போடா, பாதி."

ஜெயிலிலிருந்து காப்பாற்றினாரே என்பீர்கள். சர்க்கரை இல்லை; இல்லாததை இல்லை என்றார். அதற்கு நான் கும்பிட வேண்டியதில்லை. கிரீஸ் அடிக்காதவன் என்ற பேச்சால் இந்த வட்டாரத்தில் ஒருவரும் எனக்கு வண்டி கொடுக்கவில்லை. வாடகைக் கார் ஒன்று கைக்கு வர நாலு வருஷம் ஆனது.

அந்தப் பழைய கிராஸ் இப்போது என் வாடகைக் காரில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்த்த அன்றே பார்த்துவிட்டேன். மூன்று கப்புகளைப் பளபளவென்று துடைத்திருந்தார். நாலாவதில் கிரீஸ் அப்படியே இருந்தது. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. ஒரே ஊரில் தினமும் பார்த்துக்கொண்டோம். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது கிரீஸ் கறுத்து இறுகிவிட்டது.

துரைராஜ் அண்ணே, மற்றதை வெட்டினாலும் இந்த வரியை நோட்டீஸில் போடுங்கள்: மிராசுதாரின் கருப்பு காருக்கு டிரைவர் கிரீஸ் அடித்திருந்தான். செல்லையா மேஸ்திரிக்கு அது தெரியும்.