பின்னறையில் ஒரு புல்பாக்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓக்லண்டின் லின்ஃபீல்ட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் ஒரு ஜப்பான்காரன் ஆறு மாதம் இருந்தான். தொழில்முறை உதைபந்தாட்டக்காரன். விரி என்ற இடத்துக் கிடங்கில் என்னோடு பெட்டி தூக்கிய வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளூர் கிளப்பில் ஏதோ பொறுப்பில் இருந்தார். அவர்தான் கொண்டுவந்து விட்டார். ஜப்பானில் பெரிய லீக் தொடங்கிய காலத்தில் இவன் அதில் ஆடினவனாம். பிறகு இரண்டாம் பிரிவாம். பிறகு கிளப் வேண்டாம் என்றுவிட்டதாம். என் காரும் அப்படித்தான், அங்கே ஓடிக் களைத்துக் கப்பலில் வந்தது. ஜப்பான் கழித்துவிட்டதெல்லாம் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்கும் அந்த விளையாட்டுத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு இரண்டு வருடம் புல்பாக், அதாவது கோலுக்கு முன்னால் காவல், நின்றவன் நான். எங்கள் காலத்தில் புல்பாக் என்றால் முன்னுக்கு ஓடி வருகிறவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். பந்து அகப்பட்டால் பந்தை அடிப்போம், அகப்படாவிட்டால் காலை அடிப்போம். இவனும் புல்பாக் என்று கேள்விப்பட்டதும், பார்ப்போமே என்று ஒரு சனிக்கிழமை போனேன்.

தூறல். நாற்பது பேர் நின்றிருப்பார்கள், பாதிப் பேர் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ தின்றுகொண்டு. இவன் கோட்டருகில் நின்று வெறும் மைதானத்தைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான். புல்லுக்கு மரியாதையாம். பிறகு தொண்ணூறு நிமிடமும் ஒன்றும் செய்யவில்லை. ஒருதரம்கூட விழுந்து பந்தைப் பறிக்கவில்லை. எதிராளி வர வர இவன் பின்னுக்கே போனான், விருந்தாளியை உள்ளே கூப்பிடுகிறவன் மாதிரிக் கையை விரித்துக்கொண்டு. வந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் பந்தை வெளியே விட்டுவிடுவான். அந்தப் பக்கத்தால் அன்றைக்கு ஒரு கோலும் விழவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது காரில் அவனுக்குப் பாடம் எடுத்தேன். பயப்படாதே, அடி என்றேன். நான் ஒவ்வொரு வசனமும் சொல்லி முடிக்கவும் அவன் ‘ஹாய்’ என்றான். பக்கத்தில் இருக்கிறவனுக்கு இருபது தரம் வணக்கம் சொல்கிறானே, இவனுக்கு எத்தனை பந்து தலையில் பட்டிருக்கும் என்று யோசித்தேன். அவர்கள் மொழியில் ‘ஹாய்’ என்றால் ‘ஓம், சரி’ என்பதைக் கனகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அன்றைக்கு அதை விசாரிக்கிற அளவுக்கு அவனை நான் மதிக்கவில்லை.

அந்த வருடம் ஓக்லண்டில் ஒரு தொழில்முறை அணி கட்டினார்கள், ஆஸ்திரேலியாக்காரரோடு ஆடுவதற்கு. இவனையும் கூப்பிட்டு மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முடிவை வெள்ளிக்கிழமைக்குள் போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு முப்பத்தொரு வயது. போன் வராவிட்டால் விளையாட்டையே விட்டுவிடுவேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தான். அவள் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்காத குறை. முற்றத்தில்கூடக் கோல் அடிக்கத் தெரியாதவனுக்கு ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்டேன்.

வெள்ளி பின்னேரம் போன் வந்தது. நான் காலை வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், மனைவி வேலையில். அணியின் மனேஜர்தான் பேசினார். ஆளை எடுக்கிறோம், வந்ததும் எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். சரி என்று வைத்துவிட்டு மறுபடி சோற்றில் கை வைத்தேன்.

சற்று நேரத்தில் அவன் ஓட்டப் பயிற்சி முடித்து நனைந்து வந்தான். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றான். கிளப்பிலிருந்து போன் வந்ததா, என்னை எடுத்தார்களா என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான். என் வாய் நிறையச் சோறு. இவனுக்காக விழுங்கிவிட்டா பதில் சொல்வது? நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்டல் தெரியும்தானே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

அவன் மைதானத்துக்குக் குனிந்த மாதிரி எனக்கும் குனிந்துவிட்டு அறைக்குப் போனான். இவ்வளவு பெரிய செய்தி, ஒரு பல்லைக் காட்டினானா பாருங்கள். சரியான தலைக்கனம் என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் மனைவி கேசரி கிண்டி அவன் கதவடியில் வைத்தாள். தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. அவருக்குக் கண் சிவந்திருக்கே என்றாள். சந்தோஷம் என்றேன்.

ஞாயிறு நாங்கள் மவுண்ட் வெல்லிங்டனில் கடைக்குப் போய் வந்தபோது பின்னறை வெறுமையாக இருந்தது. போர்வை மடிப்பு, மேலே சாவி. அணி விடுதிக்குப் போய்விட்டான், காரியம் முடிந்ததும் ஒரு சொல் சொல்லாமல் போகிறான் பார் என்று கண்டவர் நின்றவரிடமெல்லாம் கதைத்தேன்.

திங்கள் மனேஜர் மறுபடி போன் எடுத்தார். ஆள் எங்கே என்றார்.

மனைவி என் முன்னால் வந்து இருந்தாள். “நீங்கள் வாய் திறந்து சொன்னனீங்களோ?”

தலையாட்டினேன் என்றேன்.

“எப்பிடி? ஒருக்கா ஆட்டிக் காட்டுங்கோ.”

காட்டினேன். அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி ‘தேத்தண்ணி தருவாயா’ என்று கேட்டதற்கு இவள் இப்படி ஆட்டி, கிழவி அழுதிருக்கிறாள்.

“அது அவையளுக்கு இல்லை எண்டு அர்த்தம்,” என்றாள்.

அவன் ஞாயிறு விமானத்திலேயே போய்விட்டான் என்று கிடங்கு வெள்ளைக்காரர் விசாரித்துச் சொன்னார். அணியிடம் இருந்த ஜப்பான் இலக்கம் பழைய கிளப்பினுடையது. அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு ஓர் ஆஸ்திரேலியனை எடுத்தார்கள். முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த ஆஸ்திரேலியன் விழுந்து விழுந்து பறித்தான், நான் சொன்ன மாதிரியே. அந்தப் பக்கத்தால் இரண்டு கோல் விழுந்தது.

வருடக் கடைசியில் ஜப்பானிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அவர் தன் ஊரில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் வேலை செய்கிறாராம். அணிக்கு நான் போதாதவன்தான் என்று எழுதியிருந்தார். அந்த ‘இல்லை’யை வாயால் சொல்லி என்னை நோகடிக்காமல் விட்டீர்கள், உங்கள் அன்பை மறக்கமாட்டேன் என்று கீழே இருந்தது.

என்ன எழுதியிருக்கிறார் என்று மனைவி கேட்டாள். சத்தமாக வாசித்துக் காட்டினேன்.