தவில் வாசிச்ச கல்யாணப் பொண்ணு

போன வாரம் எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு கல்யாணம். சாப்பாடு பிரமாதம் என்றார்கள். நான்தான் பந்தியில் உட்காராமலே வந்துவிட்டேன்.

மணப்பெண் தேன்மொழி. எங்கள் தெரு நாதஸ்வரக்காரர் ஆறுமுகத்தின் ஒரே மகள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தவில் வாசிக்கிறவள். சும்மா ஒப்புக்கு இல்லை... விரல் நுனிகளில் தொப்பி மாதிரி கூடு மாட்டிக்கொண்டு அவள் ஆரம்பித்தால், பந்திக்கு எழுந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

நம் ஊரில் வாத்தியங்களுக்கும் ஆண், பெண் உண்டு. கவனித்திருக்கிறீர்களா? வீணை, வயலின் என்றால் 'அடடா, குடும்பப் பாங்கான பொண்ணு!' தவில் என்றால் 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது?' கனம் ஜாஸ்தி, மூச்சு வாங்கும், கர்ப்பப்பை கெட்டுப்போகும் — வைத்தியம் படிக்காத அத்தனை பேரும் அவளுக்குச் சொல்லியாயிற்று. இடுப்பில் தண்ணிக் குடம் தூக்கும்போது மட்டும் அந்தக் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது போல!

வந்த வரன்கள் எல்லாம் இதனாலேயே நழுவிப் போயின. கடைசியாக வந்தது திருநாவலூர் இடம். கல்வராயன் மலையில் ஒரு கோயில் திருவிழாவில் தேன்மொழி வாசித்ததைச் செல்போனில் வீடியோ எடுத்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் காட்டி, விசாரித்துக்கொண்டு வந்தவரே மாப்பிள்ளையின் அம்மாதான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பாடா, தவிலோடு சேர்த்துப் பெண் கேட்க ஒரு மாமியார் வந்தாரே என்று நினைத்தேன்.

பூ வைத்த அன்று அந்த அம்மா தேன்மொழியின் கையைப் பிடித்துத் தடவினார். குச்சி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

"இன்னாத்துக்கும்மா இந்தக் கஷ்டம்? எங்க வூட்டுக்கு வந்தப்புறம் தவிலத் தொட வேணாம். வேணும்னா வீணை கத்துக்க, நானே சேத்து வுடறேன்."

ஆறுமுகம் தலையை ஆட்டிவிட்டார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தனக்குப் பிறகு மகளுக்கு யார் இருக்கிறார்கள் என்கிற பயம் அவருக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் தேன்மொழி என் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை நல்லவராம், தினமும் போனில் பேசுகிறாராம். அவளுக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

"அவரும் வேணும், தவிலும் வேணும்க்கா. ரெண்டையும் கேட்டா பேராசைன்றாங்க. ஆம்பளைங்க ரெண்டையும் வச்சிக்கினுதானே இருக்காங்க?" என்றாள்.

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

முகூர்த்தத்துக்கு வேறு மேள செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா தாரை வார்க்க வேண்டுமே! மணவறையில் தேன்மொழி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் தாளத்தோடு முழங்காலில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் நின்ற அத்தைக்காரி குனிந்து, அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அமுக்கினாள்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். 'கெட்டிமேளம்' என்று ஐயர் சைகை காட்டினார். தவில்காரர் அடித்த அடியில் மண்டபமே அதிர்ந்தது. தேன்மொழி வாய்விட்டு அழுதாள். தேம்பித் தேம்பி... நான் முன்வரிசையில்தான் இருந்தேன். வாய் கோணுவது தெரிந்தது, கண்ணீர் மாலையில் விழுவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாலி ஏறும் நேரத்தில் அழுகைச் சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறோம்?

ஒருத்தர் காதிலும் விழவில்லை.