சோப்பு டப்பாவில் ஒரு கிரேன்

கடைத்தெருவில் அவளுக்கு 'ஈயக்கா' என்று பெயர். செத்துப்போன ரிமோட், ஊமையான ரேடியோ எது வந்தாலும் சால்டரிங் அயனைச் சூடாக்கி, ஈயம் வைத்து, பேச வைத்துவிடுவாள். கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. இன்று ஒரு சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு நெஞ்சு படபடத்தது.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். படியில் சறுக்கித் தலையில் அடிபட்டதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். ஆஸ்பத்திரியில் வலது கையைத் தூக்கச் சொன்னால் இடதைத் தூக்கினார். இப்போது தேறிவிட்டேன் என்கிறார். நாளை கம்பெனி டாக்டர் சோதிக்கப் போகிறார். இடம் வலம் தடுமாறினால் கிரேன் சாவியை மறந்துவிட வேண்டியதுதான். அந்த உயரத்தில் உட்காராமல் இந்த மனிதர் என்ன ஆவார்?

பரீட்சை என்றால் கோபம் வரும், விளையாட்டு என்றால் வாங்கிக்கொள்வார். அதற்காகத்தான் இந்தப் பெட்டி. விளையாட்டை ஓட்ட நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலர் சிப், தீப்பெட்டி அளவு திரை, பழைய ரிமோட்டிலிருந்து பிடுங்கிய பட்டன்கள், ஒரு போன் பேட்டரி. திரையில் கயிற்றில் தொங்கும் சரக்கை நகர்த்தி லாரியில் இறக்க வேண்டும். மேஜைமேல் பரப்பி வைத்தபோது ஒழுங்காக ஓடியது. எல்லாவற்றையும் டப்பாவுக்குள் பொருத்தி, ஒயர்களுக்கு மறுபடி ஈயம் வைத்து, மூடிய கையோடு அவரிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"லாரி லெஃப்ட்ல நிக்குது பாருங்க. அந்தப் பக்கம் கொண்டுபோங்க."

சரக்கு வலப்பக்கம் ஓடியது.

"லெஃப்ட்டுங்க."

"லெஃப்ட்டுதாம்மா அமுக்கறேன்."

பட்டனை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. சரக்கு இன்னும் வலப்பக்கம் போய்த் திரையின் ஓரத்தில் முட்டி நின்றது. குரலை எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, வலது காதைத் தொடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். வலது காதைத் தொட்டார். கேட்காமலே இடது காதையும் தொட்டார்.

"மூக்கையும் தொடவா? பரீட்சைன்னா நேரா சொல்லிட்டு வைக்க வேண்டியதுதான?"

டப்பாவைப் பிடுங்கி அவளே இடது பட்டனை அமுக்கினாள். சரக்கு வலப்பக்கம் போனது.

மூடியைத் திறந்ததும் புரிந்தது. பட்டன் பலகையைக் குப்புறப் போட்டுப் பின்பக்கமாக ஈயம் வைத்திருக்கிறாள். பின்னாலிருந்து பார்த்து இடம் என்று அவள் நினைத்தது, முன்னாலிருந்து பார்த்தால் வலம்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஆமா, தலையில அடிபட்டது எனக்கா, உனக்கா?"

சிரிக்கப் போனவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அயனைப் பிளக்கில் செருகினாள்.

"மாத்தாத, இரு. நாளைக்கு இப்படியே டாக்டர் கையில குடுப்போம். அவரு லாரியில எறக்கட்டும், அப்பறம் என்னைக் கேக்கட்டும்."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

ஒயர்களை இடம் மாற்றி மூடினாள். முதலில் தானே அமுக்கிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள். இந்தத் தடவை அவள் கண் அவருடைய கட்டைவிரலை விட்டு அகலவில்லை. விரல் இடது பட்டனில் இறங்கியது. அதன் பிறகுதான் திரையைப் பார்த்தாள். சரக்கு ஆடி ஆடி லாரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.