அம்மா சொன்ன பத்து

அம்மா ஒரு நாளும் துடுப்புப் பிடித்ததில்லை. படகுப் போட்டியில் மூன்று முறை தேசிய சாம்பியன்.

எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகு. எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் மட்டும் பின்கோடியில் முன்னால் பார்த்து உட்கார்ந்து சுக்கானைத் திருப்ப வேண்டும், கத்த வேண்டும். அம்மா படகுக் கழகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவர். நாற்பத்தாறு கிலோ. ஒரு நாள் சுக்கான்காரர் வரவில்லை. இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நேராகப் போய் மிதவையில் மோதினார். மறுநாளும் உட்கார்ந்தார்.

போட்டி விதிப்படி சுக்கான்காரர் குறைந்தது ஐம்பத்தைந்து கிலோ இருக்க வேண்டும். அதனால் காலடியில் ஒன்பது கிலோ மணல் மூட்டை. பெயரே 'மூட்டையக்கா' என்று ஆகிவிட்டது. ஜெயித்தால் சுக்கான்காரரைத் தண்ணீரில் தூக்கிப் போடுவது வழக்கம். "மூட்டைய விட்டுடுங்கடா, அது கழகத்துச் சொத்து" என்று கத்திக்கொண்டே விழுவாராம்.

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அம்மா இறந்த பிறகு, படகில் அவர் வைத்துக் கத்திய ஒலிபெருக்கிப் பெட்டியில் பதினான்கு பந்தயங்களின் பதிவு இருந்தது. "கடைசிப் பத்து!" என்று கத்துகிறார். அதற்குப் பிறகு எல்லைக்கோடு வரை விழுந்த துடுப்புகளை எண்ணினேன். பதினேழு. அடுத்ததில் இருபத்திரண்டு. ஒன்றில்கூடப் பத்து இல்லை.

மருத்துவமனையில் என்னிடமும் சொன்னார்.

"பத்தே நாள், வீட்டுக்கு வந்துடுவேன். நீ எதுக்குடி தூண் மாதிரி நிக்கிற? போய் வேலையப் பாரு."

போனேன். நான்காம் நாள் போன் வந்தது.

பிழை எப்போதும் ஒரே பக்கம் இருந்தால் கழித்துக்கொள்ளலாம். அம்மாவின் பத்து எப்போதும் நீளும். இது மட்டும் குறைந்தது. தெரிந்தே அனுப்பினாரா, நம்பித்தான் சொன்னாரா?

படகில் அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் இப்போது பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பதிவைப் போட்டேன். சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? எங்களுக்கு அப்பவே தெரியுமே."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"வேற என்னம்மா பண்றது? எல்லைக்கோடு எங்க முதுகுக்குப் பின்னாடி. அதப் பாக்குறது அக்கா ஒருத்தர்தான். நான் பாத்ததெல்லாம் அவங்க மூஞ்சிய மட்டும்."

"பொய் சொல்றப்ப மூஞ்சி எப்படி இருக்கும், மாமா?"

சாவியை அரத்தால் தேய்ப்பதை நிறுத்தினார்.

"மூஞ்சி மாறாது. கண்ணாடிய மட்டும் ஒரு விரலால மேல தள்ளிப்பாங்க. போச்சுடா, இன்னிக்கு இருபதுன்னு நெனச்சுப்பேன்."

வீடு வரும்வரை அந்த மருத்துவமனை அறையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. இடக்கையில் ஊசி. வலக்கை போர்வை மேல். "பத்தே நாள்" என்றார். அந்த விரல் எழுந்ததா?

தெரியவில்லை. அவர் கண்ணாடி அப்போது என் கையில் இருந்தது. இவ்வளவு அழுக்கா என்று குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.