ஐஸ்பெட்டியில் ஒரு பதிவேடு

நகராட்சிப் பதிவறைக்குள் யார் டீ டம்ளரோடு நுழைந்தாலும், அங்கே ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எழுந்து நின்றுவிடுவார். ஏச மாட்டார், டம்ளரையே பார்ப்பார். வந்தவர் தானாகப் பின்வாங்கிவிடுவார். குண்டூசி கூடாது, துரு ஏறும். செலோடேப் கூடாது, தாளைத் தின்னும். தரையில் எதுவுமே கூடாது. அடித்தட்டுகூட ஒரு முழம் உயரத்தில். இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘கூடாதம்மா’.

அப்படிப்பட்டவர்தான் ஒரு வெள்ளிக்கிழமை, தோள்வலி தாளாமல், பழைய பிறப்புப் பதிவேடு ஒன்றைத் தட்டில் ஏற்றாமல் தரையிலேயே விட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை குழாய் வெடித்தது. மறுநாள் கதவைத் திறந்தால் கணுக்கால் அளவு தண்ணீர். தட்டில் இருந்தவற்றில் ஒரு சொட்டு ஈரமில்லை. அந்த ஒன்று மட்டும் ஊறிப் பருத்துக் கிடந்தது. நகல் எடுக்காத ஏடு. அந்த வருடம் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

“வெயில்ல விரிச்சுப் போடுங்கம்மா, மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்,” என்றார் காவலாளி.

“காயும்ண்ணே. அப்புறம் பிரிச்சா தாள் தாளா வராது, செங்கல்லாத்தான் வரும்.”

பிரிக்காமல், அழுத்தாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பலகையில் ஏந்திக்கொண்டு எதிர்ச்சாரி ஐஸ்கிரீம் கடைக்குப் போனார்.

“ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் வேணும்ண்ணே. எங்க அறை காயற வரைக்கும், ஒரு மாசத்துக்கு.”

“உள்ள என்ன, மீன் கீன் ஏதாவதா?” என்றார் கடைக்காரர்.

“பிறப்புப் பதிவேடு. ஈரத்தோட வெளியில இருந்தா ரெண்டே நாள்ல பூஞ்சை பிடிச்சிடும். உறைஞ்சிட்டா அப்படியே நிக்கும்.” வருடத்தையும் சொன்னார்.

“ஐயோ, அதுல நான் இருக்கேனே! என்னையே என் ஐஸ்பெட்டியில வைக்கச் சொல்றீங்க,” என்றபடி வெனிலாவை ஒதுக்கி இடம்விட்டார் அவர்.

அந்த ஒரு மாதமும் அம்மாவின் உயிர் அம்மாவிடம் இல்லை. மின்சாரம் நின்றால் போதும், சாலையைக் கடந்து ஓடுவார். பிறகு ஏட்டை எடுத்துவந்து, மெல்ல இளகவிட்டு, ஒற்றுத்தாளை மாற்றி மாற்றி வைத்து, மின்விசிறிக் காற்றில் பக்கம் பக்கமாகப் பிரித்தார். ஓரங்களில் நீலம் கொஞ்சம் கசிந்திருந்தது. பெயர்கள் இருந்தன. ஒன்பதாம் நாள் கடைசிப் பக்கமும் கிழியாமல் கழன்று வந்தபோது, நாற்காலியில் தொப்பென்று விழுந்து, தன்னந்தனியே வாய்விட்டுச் சிரித்தார்.

எந்த ஏட்டுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதிவைக்கும் குறிப்பேட்டை மேலாளர் நீட்டினார். “குழாய் வெடிச்சு நனைஞ்சதுன்னு போட்டுடுங்க.”

அம்மா எழுதினார்: ‘குழாய் வெடித்தது. ஏடு தரையில் இருந்தது. வைத்தது நான்.’

“இதை யாரும்மா கேட்டா?”

“நாளைக்கு இந்தக் கறையைப் பார்க்கிறவங்க கேப்பாங்க சார்.”

மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் பேருந்துக்குக் காத்திராமல், கையை வீசிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார் அம்மா.